முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு: வீட்டில் முதல் ஓராண்டு

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கையில் டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரைப் பட்டியல், ஒரு வாக்கர். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "முட்டி எவ்வளவு மடங்குது?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் ஆறு வாரத்தில் கவலைப்பட வேண்டியது, கால் முழுசாக நீளுகிறதா என்பதைப் பற்றித்தான்.

சமதரையில் நடக்க முட்டி 65–70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 85 முதல் 100 வரை, தாழ்வான நாற்காலியிலிருந்து எழ 105 வரை வேண்டியிருக்கும். மடக்கம் 110ஐத் தொட்டுவிட்டால் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை நடந்துவிடும். அது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டும் போகும். நீட்டம் அப்படியில்லை. முட்டி 10 டிகிரி வளைந்த நிலையிலேயே இறுகிப்போனால், நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். நடை நொண்டும், இடுப்பு வலிக்கும், மற்ற முட்டியின் மேல் சுமை ஏறும். மூன்று மாதம் கடந்தபின் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

வீட்டைத் தயார் செய்வது

இதை ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. கட்டிலும் நாற்காலியும் 18 முதல் 20 அங்குல உயரம் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் சரியான அளவு. தாழ்வான திவான் என்றால் இன்னொரு மெத்தை போடலாம், அல்லது கால்களுக்கு அடியில் பள்ளம் வைத்த மரக்கட்டை கொடுக்கலாம். நாற்காலிக்குக் கைப்பிடி கட்டாயம். பிளாஸ்டிக் நாற்காலி எழும்போது பின்னால் வழுக்கும் என்பதால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சோபா இப்போதைக்கு வேண்டாம்.

கழிப்பறையில் இந்தியன் டாய்லெட் மட்டுமே இருந்தால், சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும் கம்மோடு சேரை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். வெஸ்டர்ன் டாய்லெட் தாழ்வாக இருந்தால் உயரம் கூட்டும் சீட் தனியாகவே விற்கிறது. சுவரில் கைப்பிடிக் கம்பியை ஸ்க்ரூ போட்டுப் பதிக்க வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது சுவரோடு பெயர்ந்து வந்துவிடும். குளிக்க, வழுக்காத நாற்காலியில் உட்கார்ந்து மக்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். குளியலறைத் தரையை ஒவ்வொரு முறையும் துடைத்துக் காயவிடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும். ஈரத் தரையை எந்த ரப்பர் மேட்டும் முழுசாகக் காப்பாற்றாது.

மிதியடிகள், தரையில் ஓடும் வயர்கள், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். செருப்புக்குப் பின்பட்டை இருக்கட்டும். சேலைக் கொசுவமும் நீளமான நைட்டியும் வாக்கரின் முன்காலில் மாட்டும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் உடையாக நாலைந்து எடுத்து வையுங்கள். வேட்டி கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

வாக்கரின் உயரத்தை அளக்க, நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் கூன் விழுந்து நடப்பீர்கள், உயர்ந்தால் தோள் வலிக்கும். பழைய வீடுகளில் நிலைவாசல் ஒரு தடங்கல். வாக்கரின் நாலு கால்களையும் முதலில் அந்தப் பக்கம் ஊன்றி, பிறகு ஆபரேஷன் கால், கடைசியாக நல்ல கால். வாக்கர் வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும்போது அடி எடுத்து வைக்கக் கூடாது.

முதல் இரண்டு வாரம்: வீக்கமும் வலியும்

முட்டி பூசணியாக வீங்கும். தொடையிலிருந்து கணுக்கால்வரை நீலம், ஊதா, மஞ்சள் என்று நிறம் மாறிக்கொண்டே இறங்கும். உள்ளே கசிந்த ரத்தம் பூமியின் ஈர்ப்பால் கீழே வருவதுதான் அது. காலையில் குறைந்து மாலையில் கூடும் வீக்கம், மாதங்கள் நீடித்தாலும் இயல்புதான்.

ஐஸ் வைப்பதற்கும் முறை உண்டு. பாலிதீன் பையில் ஐஸ் கட்டிகளும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் கட்டினால் முட்டியின் வடிவத்துக்குப் படியும். அதை மெல்லிய துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு நாலைந்து முறை, குறிப்பாக உடற்பயிற்சி முடிந்ததும் வையுங்கள். கட்டு நனையக் கூடாது. தோலில் மரத்துப்போன பகுதி இருப்பதால் குளிர் சுடுவது உங்களுக்குத் தெரியாமல் போகலாம், ஆகவே கடிகாரத்தைப் பார்த்து எடுங்கள். வெந்நீர் ஒத்தடம் இந்தக் கட்டத்தில் வீக்கத்தைக் கூட்டும்.

படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். வீட்டில் அன்பாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் செய்யும் முதல் காரியம் இதுதான், வைத்ததும் சுகமாகவும் இருக்கும். லேசாக வளைந்த நிலையில்தான் மூட்டுக்குள் அழுத்தம் குறைவு, வலியும் குறைவு. அந்த நிலையிலேயே இரவெல்லாம் கிடந்தால் முட்டியின் பின்புறத் திசு சுருங்கிவிடும். காலை உயர்த்த வேண்டுமானால் தலையணைகளை நீளவாக்கில் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் கொடுங்கள். குதிகால் நெஞ்சைவிட உயரமாகவும் முட்டி நீண்டும் இருக்கட்டும்.

வலி மாத்திரையை, வலி வந்தபின் தேடாமல், முதல் இரண்டு வாரம் சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வேளை அமையும்படி மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பாரசிட்டமால் பல கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும். சளிக்கு, தலைவலிக்கு என்று தனியாக வாங்கிப் போட்டால் நாளின் மொத்த அளவு எகிறிவிடும். டிரமடால் என்ற வீரியமான வலி மருந்து கொடுத்திருந்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம், மலச்சிக்கலும் பலருக்கு வரும். முதல் நாளிலிருந்தே தண்ணீர், கீரை, இசப்கோல் என்று ஏற்பாடு இருக்கட்டும். கடையில் டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரையை வாங்கிக் கூடுதலாகப் போடுவது ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், வயதானவர்களுக்குச் சிறுநீரகமும் கெடும்.

அந்த ரத்தம் உறையாத மருந்து, ஊசியோ மாத்திரையோ, இரண்டு முதல் ஐந்து வாரம்வரை எழுதியிருப்பார்கள். நடக்க ஆரம்பித்துவிட்டோமே என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

பயிற்சிகள், அளவோடு

பிசியோதெரபிஸ்ட் சொல்வதுதான் முதன்மை. அவர் வராத நேரத்துக்கு இவை போதும்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பாதத்தை மேலும் கீழும் 20 முறை அசையுங்கள். கெண்டைக்காலில் ரத்தம் தேங்காமல் பார்த்துக்கொள்வது இதுதான்.

நீட்டத்துக்கு, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையை நோக்கி அழுத்துங்கள். தொடையின் முன்தசை கல்போல் இறுகுவதைக் கைவைத்துப் பார்க்க வேண்டும்; இறுகவில்லை என்றால் நீங்கள் இடுப்பை அழுத்துகிறீர்கள் என்று பொருள். 5 விநாடி பிடித்து விட்டால் ஒன்று. பத்து முறை, நாளைக்கு நாலு வேளை. மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானே ஓடும். இதனோடு, நாற்காலியில் உட்கார்ந்து எதிரே ஸ்டூலில் குதிகாலை மட்டும் வைத்து, முட்டியை அந்தரத்தில் விட்டு 5 நிமிடம் இருங்கள். பழகப் பழக 10 நிமிடம். டிவி பார்க்கும் நேரத்தை இதற்கு ஒதுக்கிவிடலாம்.

மடக்கத்துக்கு, படுத்தபடி குதிகாலைப் பின்னுக்கு இழுங்கள். மெத்தை விரிப்பு பிடிக்கும் என்பதால் அடியில் ஒரு பாலிதீன் தாளை விரித்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு வரும். நாற்காலியில் உட்கார்ந்து நல்ல காலால் ஆபரேஷன் காலை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, 10 விநாடி பிடிப்பது அடுத்தது. தொடைத் தசையை நன்றாக இறுக்க முடிந்தபின், காலை நேராக வைத்து ஓரடி உயரத்துக்குத் தூக்கி 5 விநாடி நிறுத்துங்கள். தூக்கும்போது முட்டி தொய்ந்து வளைந்தால் இன்னும் அந்தப் பயிற்சிக்கு நேரம் வரவில்லை, முட்டியைப் படுக்கையை நோக்கி அழுத்தும் பயிற்சிக்கே திரும்புங்கள்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம் என்று பலரும் தவிக்கிறார்கள். பயிற்சியின்போது இழுக்கும், வலிக்கும். ஓரிரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. மறுநாள் காலையில் முட்டி முந்தைய நாளைவிடப் பெருத்திருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள். யாரோ ஒருவர் காலைப் பிடித்து வேகமாக மடக்கிவிடுவது எந்தக் கட்டத்திலும் கூடாது.

முன்னேற்றத்தைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. வாரம் ஒருமுறை, அமுங்காத பெஞ்சிலோ மரக்கட்டிலிலோ கால் நீட்டிப் படுங்கள். வீட்டிலுள்ளவர் முட்டிக்கு அடியில் கையை நுழைக்கட்டும். முதல் வாரம் முஷ்டி நுழைந்த இடத்தில் ஆறாம் வாரம் தட்டையான விரல்கள் நுழையவே சிரமப்பட வேண்டும். இரண்டு வாரமாக மாற்றமே இல்லை என்றால் அடுத்த செக்கப்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நடையும் படியும்

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். உடம்பை மேலே தூக்குவதும் மெல்லக் கீழே இறக்குவதும் மேல்படியில் இருக்கும் காலின் வேலை. இந்த வரிசையில் இரண்டுமே நல்ல காலுக்குப் போகும். இரண்டு முட்டியும் ஒன்றாகச் செய்திருந்தால் வலுவான கால் எதுவோ அதை நல்ல காலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கர் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நாலு வாரம். பிறகு கைத்தடி, ஆபரேஷன் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். அதே பக்கம் பிடித்தால் உடம்பு அந்தக் காலின் மேலேயே சாய்ந்து சுமை கூடும். நடக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொடட்டும். பாதம் முழுவதையும் தட்டையாக வைத்து நடக்கும் பழக்கம் முட்டியை நீளவிடாது. தடியில்லாமல் நொண்டி நடப்பதைவிடத் தடியோடு நேராக நடப்பது எவ்வளவோ மேல்.

இவை வந்தால் காத்திருக்கக் கூடாது

கெண்டைக்காலில் புதிதாக வலி, தொட்டால் நோவு, ராத்திரி முழுக்கக் காலை உயர்த்தி வைத்தும் இறங்காத வீக்கம்: ரத்தக்குழாயில் உறைகட்டி இருக்கலாம். அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். முதல் மூன்று மாதம் இந்த ஆபத்து கூடுதல், அதிலும் முதல் சில வாரங்கள் மிகக் கூடுதல். இதனால்தான் எண்ணெய் தடவிக் கெண்டைக்காலை நீவிவிடுவதும் அமுக்குவதும் இந்தக் காலத்தில் அறவே கூடாது. கட்டி இருப்பது தெரியாமல் நீவினால் அதைக் கிளப்பிவிடும்.

புண்ணிலிருந்து நீரோ சீழோ கசிதல், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குறைந்துவந்த வலி திடீரென்று கூடுதல்: கிருமித்தொற்று என்று எண்ணிக்கொண்டு ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே போங்கள். ஒரு முக்கியமான விஷயம். மருந்துக்கடையிலோ தெருமுனை கிளினிக்கிலோ ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மூட்டுக்குள் ஊசி போட்டு நீரெடுத்து எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்த பிறகுதான் மருந்து தொடங்க வேண்டும். முன்பே இரண்டு வேளை போட்டுவிட்டால்கூடக் கிருமி பரிசோதனையில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும், செயற்கை மூட்டின் உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து அங்கேயே தங்கிவிடும். ஆரம்ப வாரங்களிலேயே தெரிந்தால் மூட்டைக் கழுவி, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தள்ளிப்போனால் மூட்டையே எடுத்துவிட்டு மறுபடி வைக்கும் நிலை வரும்.

தையல் அல்லது ஸ்டேப்பிளை 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். புண்ணின் மேல் மஞ்சள், வேப்பிலை, விபூதி எதுவும் வேண்டாம். பொருக்கெல்லாம் உதிர்ந்து முழுசாக ஆறியபின், ஆறு வாரம்போல் கழித்து, தழும்பின் மேல் மட்டும் தேங்காய் எண்ணெய் தொட்டு விரலால் வட்டமாகத் தேய்த்துவிடலாம்; தோல் அடித்திசுவோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த வாரங்களில் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனின் அழுத்தத்தில் சர்க்கரை ஏறும், ஏறினால் புண் ஆறாது.

பயமுறுத்தும், ஆனால் பயப்பட வேண்டாதவை

தழும்புக்கு வெளிப்புறம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்திருக்கும். முட்டியின் முன்னால் குறுக்கே ஓடும் சிறு உணர்வு நரம்புக் கிளையை வெட்டாமல் உள்ளே போக முடியாது. ஓராண்டில் அந்த இடம் சுருங்கும், கொஞ்சம் கடைசிவரை இருக்கும். நடைக்கு அதனால் கேடில்லை.

நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். செயற்கை மூட்டில் மேலே உலோகம், கீழே உலோகத் தட்டின் மேல் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக். இரண்டும் தொட்டு விலகும் ஓசை அது. வலியோ வழுக்கலோ சேர்ந்து வராதவரை விட்டுவிடலாம். முட்டி மற்ற காலைவிடச் சூடாக இருப்பது ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டுகூட நீடிக்கும். சிவப்பும் காய்ச்சலும் இல்லாமல் வெறும் சூடு என்றால் உள்ளே ஆறிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

தூக்கம் கெடுவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் ஆறு வாரம் இரண்டு மணிக்கொரு முறை விழிப்பு வருவது சாதாரணம். மருத்துவர் அனுமதித்தபின் ஆபரேஷன் செய்யாத பக்கமாக ஒருக்களித்து, இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை கொடுத்துப் படுத்துப் பாருங்கள். தூக்கமின்மையும் வலியும் சேர்ந்து மூன்றாம் நான்காம் வாரத்தில் "ஏன்டா செய்தோம்" என்று அழுகை வரும் அளவுக்கு மனம் சோரும். மூன்று மாதத்துக்குப் பிறகும் அது விலகவில்லை என்றால் மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்தான். மனச்சோர்வு வலியையும் கூட்டிக் காட்டும்.

ஆறாம் வாரத்துக்குப் பிறகு

ஆறாம் வாரச் செக்கப்பில் மடக்கம் 90 டிகிரிகூட எட்டவில்லை என்றால், மயக்கம் கொடுத்து முட்டியை மடக்கி உள்தழும்புகளை விடுவிக்கும் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் பேசலாம். ஆறு முதல் 12 வாரத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். இன்னும் பார்ப்போம் என்று ஆறு மாதம் தள்ளினால் திசு கெட்டிப்பட்டுவிடும்.

கார் ஓட்ட ஆறு வாரம்போல் பொறுங்கள். அவசரமாக பிரேக் மிதிக்க முடிகிறதா என்று நின்றிருக்கும் வண்டியில் சோதித்துப் பார்த்து, மருத்துவரிடமும் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். டிரமடால் போடும் நாட்களில் ஓட்டவே கூடாது. ஸ்கூட்டரில் பிரச்சினை ஓட்டுவதில் இல்லை, வண்டி சாயும்போது காலை ஊன்றித் தாங்குவதில் இருக்கிறது. மூன்று மாதமாவது பொறுப்பது நல்லது. டவுன் பஸ்ஸின் முதல் படி உயரம், ஓட்டுநர் காத்திருக்க மாட்டார், ஆகவே அதையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

சம்மணம், தரை, கோயில்

சம்மணம் போடலாமா என்பது நம் வீடுகளில் தவறாமல் வரும் கேள்வி. அதற்கு ஆழமான மடக்கமும் கூடவே திருகலும் வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே நன்றாக மடக்கியவர்கள், மருத்துவர் அனுமதித்தால், சில மாதங்கள் கழித்து முயலலாம். ஆனால் உட்கார்வதைவிட எழுவதுதான் ஆபத்தான கட்டம். கோலம் போட, காய் நறுக்க, பூ கட்ட உயரமான ஸ்டூலும் மேஜையும் பழகிக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் யோசனை. குந்தி உட்கார்வதை விட்டுவிடுங்கள். தொழுகையை நாற்காலியில் அமர்ந்து நிறைவேற்றலாம். மண்டியிடுவது மரத்த தோலின் மேல் விநோதமாக இருக்கும். புண் முதிர்ந்தபின் மெத்தை போட்டு முயல்வதால் மூட்டு உடைந்துவிடாது.

தரையிலிருந்து எழும் முறையை எல்லோரும் ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால் பழக வேண்டும், விழுந்தால் தேவைப்படும். ஒருக்களித்து, இரு கைகளையும் ஊன்றித் தவழும் நிலைக்கு வந்து, கட்டிலையோ நாற்காலியையோ பிடித்து, நல்ல காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, கைகளால் தள்ளி எழுங்கள். அக்குளைப் பிடித்து இருவர் தூக்குவது தோளைத்தான் கெடுக்கும்.

கோயிலில் நடப்பதற்குத் தடையில்லை. ஈரமான கருங்கல் தரையில் மட்டும் தடியை விடாதீர்கள். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஓராண்டு முடிந்து, தினம் நாலைந்து கிலோமீட்டர் வீக்கமில்லாமல் நடக்கிறவர்கள் போகலாம். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலில் போகக் கூடாது. பாதத்தில் வரும் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தின் வழியே மூட்டுக்குப் போகும்.

நெடுங்காலத்துக்கு

நடக்கும்போது உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு சுமை முட்டியில் விழுகிறது. எடை குறைப்பதும் ஓட்டம், குதிப்பு, ஷட்டில் போன்றவற்றைத் தவிர்ப்பதும் பிளாஸ்டிக் தேய்மானத்தை மட்டுப்படுத்தும். நடை, நீச்சல், ஓரிடத்தில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிள் மூன்றும் நல்லவை. சைக்கிளில் சீட்டை உயர்த்தி வைத்தே தொடங்குங்கள். வைத்த மூட்டுகளில் பத்தில் எட்டு 25 ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன.

பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை போன்றவற்றை அவசரமில்லாவிட்டால் முதல் மூன்று மாதம் தள்ளிவையுங்கள். பிறகும் செயற்கை மூட்டு இருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, கால் புண், கொப்புளம் எதையும் அசட்டையாக விடாதீர்கள். விமான நிலைய டிடெக்டர் ஒலிக்கும். முதலிலேயே சொல்லிவிட்டால் கையால் சோதித்து அனுப்புவார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தாலும் சொல்ல வேண்டும்.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி உள்வைப்புகளுக்கு, அதாவது உள்ளே வைக்கும் செயற்கை மூட்டுகளுக்கு, உச்சவிலை நிர்ணயித்தபோது, பில்லில் அதன் பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண் தனியாக இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்தப் பில்லையும், கேஸ் ஷீட்டில் ஒட்டும் மூட்டு விவர ஸ்டிக்கரின் நகலையும், முதல் எக்ஸ்ரேயையும் ஒரே கோப்பில் வையுங்கள். 15 ஆண்டு கழித்து ஒரு பகுதியை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரியாமல் மருத்துவர் திண்டாடுவார்.

மற்ற முட்டியும் தேய்ந்திருந்தால், செய்த காலில் முழு எடையும் தாங்கி நிற்க முடிந்தபின், பொதுவாக மூன்று மாதம் கழித்து அதைப் பற்றி யோசிக்கலாம். அந்த முட்டி நன்றாக வளைந்துவிட்டிருந்தால் அதிக நாள் தள்ளாதீர்கள். இப்போது நேரான கால் நீளமாகவும் வளைந்த கால் குட்டையாகவும் இருக்கும். சமமாக நிற்பதற்காக நீங்கள் அறியாமலே புது முட்டியை மடித்து வைத்து நிற்பீர்கள், பாடுபட்டு வாங்கிய நீட்டம் போய்விடும். அதுவரை, வளைந்த காலின் செருப்புக்கு அடியில் எவ்வளவு உயரம் கொடுக்கலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் அளந்து கேட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.